இரும்புக்காலும் மரப்பலகையும்

டிசம்பர் மாதம், காலை ஒன்பதே கால் மணி. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு. "ஒரு கையால் பெஞ்சின் பலகையைத் தொடுங்கள், இன்னொரு கையால் அதன் இரும்புக்காலைத் தொடுங்கள். எது அதிகம் சில்லென்று இருக்கிறது?" என்று கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் சொன்னது: "இரும்பு சார்!" எத்தனை டிகிரி வித்தியாசம் இருக்கும் என்று கேட்டதும் குரல்கள் பிரிந்தன. ஐந்து என்றாள் ஒரு பெண். பத்து என்றான் கடைசி பெஞ்சுப் பையன். எல்லா எண்களையும் கரும்பலகையில் எழுதினோம். பிறகு பலகையில் ஒரு தெர்மாமீட்டர், இரும்புக்காலில் ஒரு தெர்மாமீட்டர் என்று செல்லோடேப்பால் ஒட்டி, மேலே துணியை மடித்துச் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தோம்.

இரண்டும் 26 டிகிரி காட்டின.

யாரும் நம்பவில்லை. தெர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்றார்கள். அதை இதிலும் இதை அதிலும் மாற்றி ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினோம். மறுபடியும் 26. கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து வந்து இரும்பை மறுபடி தொட்டுப் பார்த்தான். "ஆனா சில்லுன்னுதானே சார் இருக்கு" என்றான். வெப்பத்தைப் பற்றி ஒரு பிள்ளை கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

பதில் கையில் இருக்கிறது. இரவெல்லாம் ஒரே அறையில் கிடந்த பலகையும் இரும்பும் அறையின் வெப்பநிலைக்கே வந்துவிட்டன. நம் உள்ளங்கையின் தோலோ ஏறக்குறைய 33 டிகிரியில் இருக்கிறது. தொட்டதும் வெப்பம் கையிலிருந்து பெஞ்சுக்குப் போகிறது. இரும்பு வாங்கிய வெப்பத்தை உடனே உள்ளே தள்ளிவிட்டு, இன்னும் கொண்டுவா என்கிறது. மரம் வாங்கியதைத் தொட்ட இடத்திலேயே வைத்துக்கொள்கிறது. அந்த இடம் சீக்கிரமே கையளவு சூடாகிவிடுவதால் மேற்கொண்டு போவது குறைந்துவிடுகிறது. சாதாரண இரும்பின் வெப்பக் கடத்துதிறன் மரத்தைப் போல இருநூறு மடங்குக்கும் மேல். அதனால் இரும்பைத் தொட்ட தோல் சட்டென்று குளிர்கிறது, மரத்தைத் தொட்ட தோல் அவ்வளவாகக் குளிர்வதில்லை. கை அறிவது தன் தோலுக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான். பெஞ்சின் வெப்பநிலையை அளக்கும் கருவி அது அல்ல.

நம் ஆறாம், ஏழாம் வகுப்பு அறிவியல் பாடங்கள் வெப்பத்தையும் வெப்பநிலையையும் வரையறையால் பிரித்துக் காட்டுகின்றன. வரையறையில் பிழையில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை, பன்னிரண்டு வருடமாக இரும்பு குளிர்ச்சியான பொருள் என்று அதற்குப் பாடம் நடத்தியிருக்கிறது. இரண்டு வரி வரையறை அந்தக் கையை வெல்லாது. தேர்வில் வரையறையை எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கை சொல்வதையே நம்பும். வெப்பப் பாடத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது கையைத்தான்.

இது நம் பிள்ளைகளின் குறை அல்ல. இங்கிலாந்தில் ரோசலிண்ட் டிரைவரும் பிரான்சில் அவருடைய சக ஆய்வாளர்களும் 1985-ல் தொகுத்த நூல் ஒன்று, குழந்தைகள் அறிவியல் வகுப்புக்கு வரும்போதே என்னென்ன கருத்துகளுடன் வருகிறார்கள் என்று பேசுகிறது. வெப்பத்தைப் பொருளுக்குள் புகுந்து வெளிவரும் ஒரு சரக்காக நினைப்பது, குளிரை அதற்கு எதிரான இன்னொரு சரக்காக நினைப்பது, உலோகத்துக்கு இயல்பிலேயே குளிர்ச்சி உண்டு என்று நம்புவது ஆகிய எல்லாம் அங்கேயும் உண்டு. ஏசி அறையில் "கதவைச் சாத்து, குளிர் வெளியே போயிடும்" என்று நாம் சொல்வதில்லையா?

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. புத்தகத்தில் வெப்பம், வெப்பநிலை என்று இரண்டு சொற்கள். பிள்ளையிடம் இருப்பது ஒரே சொல்: சூடு. தண்ணீர் சூடு, வெயில் சூடு, உடம்பு சூடு, பப்பாளி சூடு. கடைசி இரண்டையும் தெர்மாமீட்டரால் அளக்க முடியாது. அவை வீட்டு வைத்தியத்தின் சொற்கள். அவற்றைக் கேலி செய்யாமல், இந்த வகுப்பில் நாம் பேசும் சூடு வேறு என்று ஆசிரியர் தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும். அதே தமிழ் நமக்கு ஒரு நல்ல சொல்லையும் தந்திருக்கிறது: ஆறுதல். டீ ஆறிவிட்டது என்கிறோம். டீக்குள் குளிர் புகுந்தது என்று யாரும் சொல்வதில்லை. வெப்பம் சூடானதிலிருந்து வெளியேறுகிறது என்ற கருத்துக்கு அந்தச் சொல்லே பாதி வழி கூட்டிப்போய்விடும்.

பெஞ்சுச் சோதனைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதில் இந்த ஊருக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. ஆவடியில் ஆசிரியை ஒருவர் இதே சோதனையை ஏப்ரல் கடைசியில், மதிய வேளையில் செய்தார். பிள்ளைகள் இரண்டையும் தொட்டுப் பார்த்து, "ரெண்டும் ஒரே மாதிரிதான் மிஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். சோதனை தோற்றுவிட்டது என்று வருந்தினார். தோற்கவில்லை. அன்று அந்த வகுப்பறையின் வெப்பநிலை 34 டிகிரி, ஏறக்குறைய தோலின் வெப்பநிலை. கைக்கும் பெஞ்சுக்கும் வித்தியாசமே இல்லாதபோது வெப்பம் எந்தப் பக்கமும் ஓடாது. ஓடாத வெப்பத்தை இரும்பு வேகமாகக் கடத்தினால் என்ன, மெதுவாகக் கடத்தினால் என்ன? குளிர்நாட்டு வகுப்பறைகளில் ஆண்டு முழுவதும் பலிக்கும் சோதனை சென்னையில் கார்த்திகை, மார்கழி, தை மாதக் காலைகளில்தான் நன்றாகப் பலிக்கும். முப்பருவப் பாடநூல்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு வெப்பப் பாடங்கள் இரண்டாம் பருவத்தில், அதாவது மழைக்காலத்தில் வந்தது தற்செயலோ என்னவோ, மிகப் பொருத்தம்.

ஆனால் அந்த ஆசிரியை செய்த அடுத்த காரியம் அருமையானது. பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், வெயிலில் நின்ற இரும்புக் கம்பியையும் அதன் அருகே கிடந்த மரக்கட்டையையும் ஒரு நொடி தொடச் சொன்னார். இரும்பு சுரீரென்று சுட்டது. மரம் அவ்வளவாகச் சுடவில்லை. டிசம்பரில் குளிர்ந்த அதே இரும்பு ஏப்ரல் வெயிலில் சுடுகிறது. நடுவில், 34 டிகிரி வகுப்பறையில், மரத்தைப் போலவே இருக்கிறது. அப்படியானால் குளிர்ச்சி இரும்பின் குணம் அல்ல. இரும்பின் குணம் கடத்துவது மட்டுமே. வெப்பம் எந்தத் திசையில் போகிறது என்பதைக் கைக்கும் இரும்புக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் முடிவு செய்கிறது. மூன்று நிலையிலும் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சின்ன வகுப்புகளுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. மூன்று பாத்திரங்கள்: ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், ஒன்றில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர், நடுவில் குழாய்த் தண்ணீர். ஒரு கையைக் குளிர்ந்ததிலும் மறு கையைச் சூடானதிலும் ஒரு நிமிடம் வைத்திருந்து, இரண்டையும் ஒரே நேரத்தில் நடுப் பாத்திரத்தில் விட வேண்டும். அதே தண்ணீர் ஒரு கைக்குச் சூடு, மறு கைக்குக் குளிர். 1690-ல் வெளியான தன் நூலில் ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் பேசிய விஷயம் இது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செய்தால் சிரித்துத் தீர்ப்பார்கள். ஆனால் கையை நம்பி அளக்க முடியாது என்பதை மறக்க மாட்டார்கள். அவர்களிடம் மூலக்கூறு பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லை. எது எதைவிடச் சூடு, சூடு எங்கிருந்து எங்கே போகிறது, கொஞ்ச நேரம் கழித்து என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லிப் பார்ப்பதே ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போதும். அவசரப்பட்டுத் துகள்களைக் கொண்டுவந்தால், துகளே சூடாகிறது, துகளே உருகுகிறது என்று ஒரு புதுத் தப்பு முளைக்கும்.

அடுத்த பெரிய தடை கம்பளி. மாசசூசெட்ஸில் ஒரு நான்காம் வகுப்பு பற்றி 1990-ல் வெளிவந்த கட்டுரை ஒன்று ஆசிரியர் பயிற்சியில் இன்றும் பேசப்படுகிறது. ஸ்வெட்டர் சூடு தரும் என்று பிள்ளைகள் உறுதியாக நம்பினார்கள். தெர்மாமீட்டரை ஸ்வெட்டருக்குள் சுற்றி வைத்தார்கள், ஏறவில்லை. நேரம் போதவில்லை என்றார்கள், குளிர்காற்று புகுந்துவிட்டது என்றார்கள், பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். அளவு அசையவில்லை. ஆசிரியை விடையைச் சொல்லிவிடாமல் நாள்கணக்கில் அவர்களைச் சோதிக்க விட்டார். எனக்கு அவருடைய பொறுமைதான் பெரிதாகப் படுகிறது.

நம் ஊரில் ஸ்வெட்டர் போடுகிற நாள்கள் கொஞ்சம். ஆனால் மீன் மார்க்கெட் இருக்கிறது. ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி, மரத்தூளோ உமியோ போட்டு மூடுவதை வீட்டில் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இப்போது தெர்மாகோல் பெட்டி. ஒரே அளவு ஐஸ் கட்டி இரண்டு. ஒன்றைத் தட்டில் வையுங்கள், இன்னொன்றைக் கம்பளித் துணியில் சுற்றி வையுங்கள். எது முதலில் உருகும்? கம்பளிக்குள் இருப்பதுதான் என்று பாதி வகுப்பு சொல்லும்; கம்பளி சூடு தருமே! அரைமணி கழித்துப் பிரித்துப் பார்க்கட்டும். தட்டில் இருந்தது தண்ணீராகிக்கொண்டிருக்கும், கம்பளிக்குள் இருந்தது பெரும்பாலும் அப்படியே இருக்கும். கம்பளி சூடும் தருவதில்லை, குளிரும் தருவதில்லை. இழைகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்று வெப்பம் நடந்துபோகும் பாதையை மறிக்கிறது. நம் மேல் சுற்றினால் உள் சூடு வெளியே போகாது, ஐஸ் மேல் சுற்றினால் வெளிச் சூடு உள்ளே போகாது.

இதைச் சொல்லும்போது திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸை விட்டுவிட முடியாது. பாஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் டியூடர் 1833-ல் கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார். ஏற்றியது சுமார் 180 டன், நான்கு மாதக் கடல் பயணம், இரண்டு முறை பூமத்திய ரேகையைக் கடந்த பிறகும் சுமார் 100 டன் மிச்சம். 1840-களில் சென்னையிலும் அவருடைய ஐஸ் கிடங்கு எழுந்தது. பின்னாளில் 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். டியூடரின் ஐஸ் வணிகத்தைக் காத்தது மர அறுவை ஆலைகளில் கழித்துப்போட்ட மரத்தூள். அம்பத்தூர் பிள்ளைகளை ஏதோ ஒரு பஸ்ஸில் ஏற்றி அந்தக் கட்டடத்தின் முன் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வெப்பத்தைப் படிக்க அம்பத்தூரைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. 1960-களில் உருவான தொழிற்பேட்டை, அதன் லேத் பட்டறைகள், வார்ப்படச் சாலைகள், ஹீட் ட்ரீட்மென்ட் கூடங்கள். ஆவடியில் 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருடைய அப்பாவோ மாமாவோ அம்மாவோ இப்படி ஒரு இடத்தில்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் வெப்பப் பாடத்தில் அந்தப் பட்டறைக்கு இடமே இல்லை.

லேத்தில் இரும்பு சுழல்கிறது, டூல் அதைச் சீவுகிறது. பால் போல வெள்ளையாக ஒரு திரவம் மேலே விழுந்துகொண்டே இருக்கும், கூலன்ட் என்பார்கள். அது நின்றுபோனால் சீவி விழும் சுருள் நீல நிறமாக வரும். அங்கே நெருப்பு இல்லை, அடுப்பு இல்லை. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? இதே கேள்வியை மியூனிக் நகர ஆயுதச் சாலையில் ரம்ஃபோர்டு பிரபு கேட்டார். அன்றைய அறிஞர்கள் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் என்று நம்பினார்கள். உலோகத்தை அறுத்தால் உள்ளே அடைபட்ட திரவம் கசிகிறது என்று விளக்கினார்கள். பீரங்கிக்கான உலோக உருளையை மழுங்கிய துளைக்கருவியால் குடையச் செய்து, சுற்றிலும் தண்ணீரை நிரப்பி, குதிரைகளால் சுழற்றினார் ரம்ஃபோர்டு. இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. குதிரை சுற்றும்வரை சூடு வந்துகொண்டே இருந்தது. தீராமல் வருவது உள்ளே அடைபட்ட சரக்காக இருக்க முடியாது. அது அசைவு என்று 1798-ல் எழுதினார். அரை நூற்றாண்டுக்குள் இயற்பியலாளர் ஜூல் அதற்குக் கணக்கும் போட்டுவிட்டார்: ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4.2 ஜூல் வேலை.

எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் அப்பாவின் பட்டறையிலிருந்து நீலச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தால் அதுவே ஒரு தெர்மாமீட்டர். எஃகு சூடாகும்போது மேலே மிக மெல்லிய ஆக்சைடு படலம் படிகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. வைக்கோல் மஞ்சள் என்றால் 220, 230 டிகிரி. நீலம் என்றால் 300-ஐ ஒட்டி. கொல்லர்கள் உளிக்குத் துவைச்சல் பிடிக்கும்போது இந்த நிறங்களைப் பார்த்துத்தான் நேரம் கணிக்கிறார்கள். பட்டறையில் வேலை செய்யும் அந்த அப்பாவை ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள். அவர் சொல்வது பாடம்தான். தன் அப்பா சொன்னது புத்தகத்தில் இருக்கும் அறிவியல் என்று ஒரு பிள்ளை உணர்வது சாதாரண விஷயம் அல்ல.

வெப்பம், வெப்பநிலை வித்தியாசமும் அதே பட்டறையில் இருக்கிறது. கிரைண்டிங் சக்கரத்திலிருந்து பறக்கும் பொறியின் வெப்பநிலை ஆயிரம் டிகிரிக்கும் மேல். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஆனால் கையில் விழுந்தால் சுருக்கென்பதோடு சரி. எழுபது டிகிரி டீ கையில் கொட்டினாலோ தோல் வெந்துவிடும். காரணம் எளிது. பொறியில் இருப்பது மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு இரும்பு என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் டிகிரி ஆறினாலும் அது தருவது 0.1 ஜூல்கூட இல்லை. 150 மில்லி டீ உடம்பின் வெப்பநிலைக்கு ஆறுவதற்குள் 20,000 ஜூலுக்கும் மேல் கொடுத்துவிடும். எவ்வளவு சூடு என்பது ஒரு கேள்வி. எவ்வளவு பொருள் அவ்வளவு சூடாக இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. பட்டறைக்கே போக முடியாத பிள்ளைக்குத் தீபாவளிக் கம்பி மத்தாப்பு இருக்கிறது. அதுவும் இரண்டாம் பருவத்தில்தான் வருகிறது.

டீக்கடைப் பாடம் ஒரு வரியில் முடியும்: டவராவில் ஊற்றியதும் டீ ஏன் சீக்கிரம் ஆறுகிறது, மாஸ்டர் உயரத்திலிருந்து ஆற்றினால் இன்னும் ஏன் சீக்கிரம் ஆறுகிறது என்று கேட்டு, தெர்மாமீட்டரும் கடிகாரமும் கொடுத்து விட்டுவிடுங்கள்.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதன் கீழேதான் தூங்குகிறார்கள். கடற்கரையில் மதியத்துக்கு முன்பே எட்டிப்பார்க்கும் கடற்காற்று பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் வந்துசேரத் தாமதமாகும். கத்திரி வெயிலில் மேல்காற்று பலமாக வீசும் நாள்களில் வராமலே போவதும் உண்டு. அதற்குள் தகர ஷீட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் காய்ந்து, கீழே இருப்பவர்கள் மேல் அனலாகக் கதிர்வீசத் தொடங்கிவிடும். கான்கிரீட் மாடி வேறு விதம்: பகலெல்லாம் வாங்கி வைத்து இரவில் தருகிறது. ராத்திரி பத்து மணிக்கு மின்விசிறி ஏன் அனலை அள்ளிக் கொட்டுகிறது, மதியம் இரண்டு மணிக்குச் சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் ஏன் வெந்நீராக வருகிறது என்பதெல்லாம் பிள்ளைகள் தினம் அனுபவிக்கும் கேள்விகள். கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்ற மூன்று சொற்களையும் மெழுகுவர்த்திப் படத்தை வைத்து நடத்துவதைவிட அந்த மாடியை வைத்து நடத்தலாம். ஒரே அளவு டப்பாக்கள் இரண்டு, ஒன்றுக்குக் கறுப்பும் ஒன்றுக்குச் சுண்ணாம்பு வெள்ளையும் பூசி, ஒரே அளவு தண்ணீரோடு வெயிலில் வைத்து அரைமணிக்கு ஒருமுறை அளந்து குறிக்கட்டும்.

இந்தச் சோதனை இப்போது அம்பத்தூரிலேயே பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்குள்ள ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசி, குளிர்கூரைத் திட்டத்தை அரசு முன்னோடியாகச் செய்து பார்த்தது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெப்பம் இந்தப் பிள்ளைகளுக்குத் தேர்வுக் கேள்வி மட்டும் அல்ல. எந்தக் கூரையின் கீழ் எந்த நேரத்தில் படுக்கலாம், வெள்ளையடித்தால் எத்தனை டிகிரி குறையும் என்று அளந்து சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டுக்கே உதவும்.

கருவிக்குப் பெரிய செலவு இல்லை. சிவப்புத் திரவம் உள்ள ஆல்கஹால் தெர்மாமீட்டர் நான்கு போதும். பாதரசம் வேண்டாம், உடைந்தால் ஆபத்து. நெற்றியில் காட்டி அளக்கும் துப்பாக்கியை வைத்துப் பளபளப்பான உலோகத்தை அளக்காதீர்கள், தப்பாகக் காட்டும். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற திட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளுக்குச் சோதனைகளைக் கொண்டுபோகிறது. அதன் கருத்தாளர்களிடம் இந்தப் பெஞ்சுச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான் இருக்கிறது. மார்கழிக் காலையில், முதல் பீரியடில், வெயில் ஏறுவதற்குள் செய்யுங்கள். தெர்மாமீட்டரை ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் சொல்லும் எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். விடை வந்த பிறகும் அந்த எண்களை அழிக்காதீர்கள்.